பதினான்காம் மாடியில் ஒரு பாலம்

வரைய வந்தது
குன்றின்மேல் இருக்கும் தேவாலயத்தை.
அது சாரத்துக்குள் நிற்கிறது,
பச்சை வலை போர்த்தி,
பல் பிடுங்கிய மறுநாள் முகம்போல் வீங்கி.
காவலாளி கையை விரித்தான்.
வசந்தம் முடிந்து வரச் சொன்னான்.
என் விமானம் வியாழக்கிழமை.

திபிலிசியில் மிச்சம் இரண்டு நாள்.
ஒரு பெட்டி நிறையக் கரிக்கோல்.
பயணத்துக்குப் பணம் தந்தவர்களுக்குச்
சொல்லவேண்டிய பதில்.

தவறான நிறுத்தத்தில் இறங்கினேன்.
எதிரே மூன்று அடுக்ககங்கள்:
சோவியத் காலத்துக் கான்கிரீட்,
மழை வடிந்து வடிந்து
கண்மை கலைந்த முகங்கள்.
ஒன்றிலிருந்து ஒன்றுக்குப்
பதினான்காம் மாடியில் பாலம்.
மலைச்சரிவில் குடியிருப்போர்
அடுத்தவர் வீட்டு வாசல் வழியாகவே
மேல்தெருவுக்குப் போய்விடுகிறார்கள்.

மின்தூக்கிக்குக் காசு போட வேண்டுமாம்.
இருபது தெத்ரி.
என்னிடம் நோட்டுதான் இருந்தது.
பின்னால் நின்ற பெண் போட்டாள்.
அக்குளில் இரண்டு நீள ரொட்டி,
கையில் ஈரம் சொட்டும் கொத்தமல்லிக் கட்டு,
என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பாலத்தில் காற்று தாளைப் பிடுங்கியது.
முழங்காலால் அழுத்திக்கொண்டு வரைந்தேன்.
கோடுகளெல்லாம் ஒரே மறைபுள்ளிக்கு
ஓடவேண்டும் என்று படித்திருக்கிறேன்.
இந்தக் கட்டடம் படிக்கவில்லை.
ஒருவர் பால்கனியைக் கண்ணாடியால் மூடியிருக்கிறார்,
ஒருவர் தகரத்தால்.
ஒருவர் இரும்புச் சட்டம் பற்றவைத்து
அந்தரத்தில் ஓர் அறையையே நீட்டியிருக்கிறார்,
ரயில் பெட்டி ஒன்று வழிதவறி
ஒன்பதாம் மாடியில் முட்டி நின்றதுபோல.
ஜன்னலைத் துளைத்து வெளியே வந்த
அடுப்புக் குழாய் இன்னும் இருக்கிறது,
மின்சாரம் இல்லாத குளிர்காலங்களின் மூக்கு.

போன வாரம் ரோமில்
குவிமாடத்தின் கீழ் கழுத்து நோக நின்றேன்.
அழகுதான், மறுக்கவில்லை.
முடித்துவிட்டுப் போனவர்களின் அழகு.
இங்கே யாரும் முடிக்கவில்லை.
சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்;
அந்தச் சுவருக்கு
யார் செங்கல் சுமந்தது என்று
நானும் இதுவரை கேட்டதில்லை.

ரொட்டிக்காரி திரும்பி வந்தாள்.
பெயர் மக்வாலா என்று பிறகு தெரிந்தது.
தாளின்மேல் விரல் வைத்து
மாடிகளை எண்ணினாள், வாய்க்குள்ளேயே.
பதினொன்றில் நின்றாள்.
மூன்றாவது பால்கனி.
அதை நான் திறந்தே விட்டிருந்தேன்.
அந்த இடத்தில் எனக்கொரு இருட்டு தேவைப்பட்டது,
அவ்வளவுதான்.

சத்தம் போட்டுக் கணவனை அழைத்தாள்.
நுக்ரி பனியனோடு வந்து
அவள் விரலையும் தாளையும் பார்த்துத்
தலையில் அடித்துக்கொண்டான்.
பாலத்தைக் கடந்த பள்ளிப் பையன் ஒருவன்
செல்பேசியை நீட்டி மொழிபெயர்த்தான்:
"அங்கே சுவர் இருக்கிறது.
நாங்கள்தான் கட்டினோம்.
ஒரு தடவைக்குப் பன்னிரண்டு செங்கல்,
ஒவ்வொரு தடவையும் காசு போட்டு."

அழித்தேன்.
கரி முழுதாகப் போகாது, சாம்பலாய் நின்றது.
செங்கல் தெரியாவிட்டாலும்
சுவர்மாதிரிதான் தெரிகிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மக்வாலா ஒப்பவில்லை.
அந்தச் சுவர் நீலமாம்.
என் பெட்டியில் கறுப்பைத் தவிர எதுவும் இல்லை.

நுக்ரி உள்ளே போனான்.
துருவேறிய டப்பா ஒன்றோடு வந்தான்,
கதவுக்கு அடிக்கும் எனாமல்,
அடியில் நாலு சொட்டு.
தீக்குச்சியில் தொட்டு என்னிடம் தரவில்லை.
அவளிடம் தந்தான்.
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நகத்தளவு சுவரைப் பூசினாள்,
சற்றே கோணலாக,
பக்கத்து வீட்டிலும் கொஞ்சம் பட்டது.

விமானத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
நீலம் இன்னும் காயவில்லை.
தாளைச் சுருட்ட முடியாமல்
மடியில் விரித்து வைத்திருக்கிறேன்.
பக்கத்து இருக்கைக்காரர் வாசனைக்கு
மூக்கைச் சுளிக்கிறார்.
சட்டைப் பைக்குள் கைவிட்டால்
இப்போது சில்லறை கிடைக்கிறது,
சரியாக இருபது தெத்ரி.